ஒரு சொல் தாங்காத பிள்ளைகளா?



இது நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் பிரம்பால் அடித்தார், தாங்கினோமாம். ஆபீசில் மேலதிகாரி ஃபைலைத் தூக்கி எறிந்தார், அதையும் தாங்கினோமாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சொல் தாங்கவில்லையாம், மறுநாளே ராஜினாமாவாம். அதற்குக் கீழே பத்துப் பதினைந்து கைதட்டல். தட்டியவர்களில் அத்தான்மார்களும் மதினிகளும் சித்தப்பாக்களும் உண்டு. எல்லோரும் எனக்கு மரியாதைக்குரியவர்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. ஏன் தவறு என்று சொல்லாமல் விடுவதும் சரியில்லை.

முதலில் ஒரு நடப்பைச் சொல்கிறேன். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. விற்பனைக் கணக்கைத் தொகுத்து மாத அறிக்கை தயாரிப்பது அவள் வேலை. போன மாதம் அவளுடைய மேலாளர் பத்துப் பேர் முன்னால், "இதையெல்லாம் ஒரு ரிப்போர்ட் என்று அனுப்புகிறாயே, உன்னை யார் வேலைக்கு எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. சாயங்காலம் அவர் தனியாக இருக்கும்போது போய், "சார், எந்த இடத்தில் தப்பு என்று சொன்னீர்களென்றால் இன்றைக்கே திருத்திக் கொடுத்துவிடுகிறேன்" என்று கேட்டிருக்கிறாள். "அதையும் நான்தான் சொல்லித்தர வேண்டுமா?" என்று பதில் வந்திருக்கிறது. மாதக் கடைசியில் அவளுடைய மதிப்பீட்டில், "விமர்சனத்தை ஏற்கும் மனப்பான்மை இல்லை" என்று எழுதி, தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். வீட்டில் சொன்னால் அப்பா, "வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே" என்கிறார்.

அவள் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நான் கேட்டது தப்பா?" என்றாள்.

தப்பே இல்லை. அந்த அலுவலகத்தில் அன்று சரியாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அதைத்தான் இந்தப் பதிவில் விளக்கப்போகிறேன்.

திட்டுவது வேறு, திருத்துவது வேறு. கணக்கு பாடம் எடுத்த யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஒரு பிள்ளை பத்து வரியில் ஒரு கணக்குப் போடுகிறாள், விடை தவறாக வருகிறது. விடைக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்துப் பூஜ்யம் போடலாம். அதற்கு ஆசிரியர் தேவையில்லை, விடைக்குறிப்பு கையில் இருந்தால் யாரும் செய்வார்கள். ஆசிரியரின் வேலை, முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வந்து, மூன்றாவது வரியில் நிறுத்தி, அங்கே ஒரு வட்டம் போடுவது. "அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருக்கிறது. உள்ளே இருக்கிற குறிகள் எல்லாம் மாற வேண்டும், நீ முதல் குறியை மட்டும் மாற்றியிருக்கிறாய்" என்று எழுதுவது. அந்தப் பிள்ளை நான்காவது வரியிலிருந்து பத்தாவது வரி வரை செய்தது எல்லாம் முறைப்படி சரிதான். கோளாறு ஒரே ஒரு இடத்தில். அந்த இடத்தைக் காட்டிவிட்டால் அடுத்த இருபது கணக்கும் சரியாகும். காட்டாமல் "மண்டையில் களிமண்" என்று சொன்னால், அடுத்த இருபதும் அதே மூன்றாவது வரியில் தவறும். தப்புச் செய்வது மட்டும் நிற்காது, தப்பை மறைப்பதும் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பெண் மேலாளரிடம் கேட்டது இந்த மூன்றாவது வரியைத்தான். இதைக் கேட்பதற்குப் பெயர் திமிர் என்றால், என் வகுப்பில் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்து, "டீச்சர் இது ஏன் தப்பு?" என்று கேட்ட அத்தனை பேரும் திமிர் பிடித்தவர்கள் என்றாகும். அவர்கள்தான் வகுப்பிலேயே நன்றாகப் படித்தவர்கள்.

சரி, "நாங்கள் தாங்கினோம்" என்கிறீர்களே, எதைத் தாங்கினோம் என்று கொஞ்சம் பார்ப்போம்.

அரசு வேலையில் இருந்தவர்கள் பலர் நம் குடும்பத்தில் இருக்கிறீர்கள். சி.ஆர். என்ற ரகசியக் குறிப்பு நினைவிருக்கும். மேலதிகாரி வருடா வருடம் நம்மைப் பற்றி எழுதுவார். அதை நமக்குக் காட்டமாட்டார். மத்திய அரசில் பாதகமான குறிப்பு இருந்தால் மட்டும் தெரிவிப்பது வழக்கம். மற்றபடி நாம் எப்படி வேலை செய்கிறோம் என்று அலுவலகம் நினைக்கிறது என்பதே நமக்குத் தெரியாது.

இதன் விளைவு என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே இருக்கிறது. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்ற பொறியாளருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. காரணம், ஓர் ஆண்டின் குறிப்பில் அவருக்கு "நன்று" என்று போட்டிருந்தார்கள். பதவி உயர்வுக்கு "மிக நன்று" வேண்டும். "நன்று" என்பது பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. நல்ல வார்த்தையே ஒருவரைக் கீழே தள்ளியிருக்கிறது, தள்ளப்பட்டவருக்கு அது தெரியாது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு குறிப்பையும் சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வரும்போது அவர் ஓய்வே பெற்றுவிட்டார். அடுத்த வருடம், 2009ல், மத்திய அரசு அந்தக் குறிப்பின் பெயரிலிருந்து "ரகசியம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது.

யோசித்துப் பாருங்கள். சுதந்திரம் வந்து 60 வருடம் கழித்துத்தான் "என் வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்கிற உரிமை ஓர் அரசு ஊழியருக்கு முழுதாகக் கிடைத்திருக்கிறது. நம் தலைமுறையில் பெரும்பாலோர் விமர்சனத்தைத் தாங்கியதாகச் சொல்வதே பொருந்தாது, ஏனென்றால் விமர்சனம் நம் காதுக்கு வரவே இல்லை. வந்தது சத்தம் மட்டும். சத்தத்தைத் தாங்கினோம், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்தைக்கூட ஏன் தாங்க முடிந்தது? மனத்திடத்தால் மட்டும் இல்லை. வருடாந்திர இன்கிரிமென்ட் யார் திட்டினாலும் வந்தது. பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பு வரிசையில் வந்தது. கடைசியில் பென்ஷன் காத்திருந்தது. வேலையை விட்டால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மறுபடி பதிந்துவிட்டு வருடக்கணக்கில் கார்டுக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். இருந்தால் எல்லாம் உண்டு, விட்டால் ஒன்றும் இல்லை என்ற நிலையில் யார்தான் தாங்கமாட்டார்கள்? தமிழ்நாட்டு அரசிலேயே 1.4.2003க்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டார்கள். தனியாரில் சேருகிற பிள்ளைக்கோ ஒரு ரேட்டிங் குறைந்தால் போனஸ் போகும், இரண்டு முறை குறைந்தால் வேலையே போகும். நமக்குத் திட்டு என்பது ஒரு நாள் மனவருத்தம். அவர்களுக்கு அது வாடகைப் பணம். வாடகைப் பணத்தைப் பறிக்கிறவனிடம் "எதனால்?" என்று கேட்காதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அரசு அலுவலகத்தில் 17-பி மெமோ கொடுத்தால்கூட, குற்றச்சாட்டு இன்னின்னது என்று தனித்தனியாக எழுதி, ஆதாரம் காட்டி, விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. கடுமையான தண்டனைக்கே அந்த நியாயம் உண்டு. ஓர் அறிக்கையில் எந்த இடம் தப்பு என்று ஒரு வரி சொல்ல மட்டும் மேலாளருக்கு நேரம் இருக்காதா?

"அடித்து வளர்க்காத பிள்ளையும் ஒடித்து வளர்க்காத முருங்கையும் உருப்படாது" என்று ஒரு சித்தப்பா குழுவில் போட்டிருந்தார். சித்தப்பா, உங்கள் கொல்லையில் முருங்கை இருக்கிறது, நீங்களே கவாத்து செய்கிறீர்கள். காய்ப்பு முடிந்த பிறகு, எந்தக் கிளையை எந்த உயரத்தில் வெட்டினால் பக்கத்தில் தளிர்க்கும் என்று பார்த்துத்தானே வெட்டுகிறீர்கள்? பூ விட்டிருக்கும்போது கோபம் வந்தது என்று கண்ட இடத்தில் ஒடிப்பீர்களா? ஒடித்தால் அந்த வருடம் சாம்பாருக்குக் காய் கடையில்தான் வாங்க வேண்டும். முருங்கைக்குக் காட்டுகிற கவனத்தைப் பிள்ளைக்கும் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசக்கூடாத பேச்சை, அலுவலகத்தில் 24 வயதுப் பெண்ணிடம் பேசலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

இது என் ஆசிரியப் பாசத்தால் மட்டும் சொல்வதில்லை. ஆவ்ராம் குளூகர், ஏஞ்செலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடமே சொல்வதால் என்ன ஆகிறது என்று அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 1996ல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் சொல்வதால் பலன் இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருக்கிறது. சொல்கிற பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்ப அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. "இந்தக் கூட்டல் தப்பு" என்றால் கூட்டலைப் பார்ப்பார்கள். "உன்னை யார் வேலைக்கு எடுத்தது?" என்றால் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டல் அப்படியே கிடக்கும்.

1988ல் ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும். சிலருக்கு எங்கே சரி, எங்கே தவறு என்ற குறிப்பு மட்டும். சிலருக்கு இரண்டும் சேர்த்து. குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவேதான் இருந்தார்கள். விடைத்தாள் கொடுக்கிற நாளில் வகுப்பைப் பார்த்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. கையில் வாங்கியதும் முதல் பக்கத்து மொத்தத்தைப் பார்ப்பார்கள், அடுத்தவளுடைய மொத்தத்தைப் பார்ப்பார்கள், தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். உள்ளே நாம் பக்கம் பக்கமாக எழுதியது பைக்குள்ளேயே தூங்கும். இன்றைக்கு நிறுவனங்களில் வருடத்துக்கு ஒரு நாள் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, ரேட்டிங், சம்பள உயர்வு, குறை, நிறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்களே, அதில் எது காதில் ஏறும்? எண் மட்டும்தான் ஏறும்.

அந்த எண்ணாவது நேர்மையாக வருகிறதா என்றால், அதுவும் பல இடங்களில் இல்லை. பெல் கர்வ் என்று ஒன்று இருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் பிரபலமாக்கியது. ஊழியர்களில் 20 விழுக்காடு மேலே, 70 விழுக்காடு நடுவில், 10 விழுக்காடு கீழே என்று பிரிக்க வேண்டும். கீழே உள்ளவர்கள் வெளியே போக வேண்டும். என் கணக்கில் சொன்னால், 40 பேர் வகுப்பில் பரீட்சை வைப்பதற்கு முன்பே 4 பேர் பெயில் என்று முடிவு செய்துவிட்டு, யார் அந்த நாலு பேர் என்று தேடுவது. நாற்பது பேரும் நன்றாக எழுதியிருந்தாலும் நாலு பேர் பெயில்தான். எந்தப் பள்ளியிலாவது இதைச் செய்தால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். மைக்ரோசாப்ட் 2013ல் இப்படி வரிசைப்படுத்துவதைக் கைவிட்டது. நம் ஊரில் இன்னும் பல நிறுவனங்கள் வேறு பெயரில் இதைச் செய்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர்களும் கொண்டுவந்தவர்களும் 25 வயதுப் பிள்ளைகள் இல்லை. நம் வயதுக்காரர்கள். முறையை நாம் வைத்துவிட்டு, அது நியாயமா என்று கேட்கிற பிள்ளையைத் தொட்டாற்சிணுங்கி என்கிறோம்.

இப்போது மறுபக்கம். "எல்லாப் பிள்ளைகளும் உன் மாணவியைப் போல இருக்கிறார்களா?" என்று மதினி கேட்பார்கள். இல்லைதான் மதினி. சரியான திருத்தத்தையே தாங்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேலாளர் பொறுமையாக உட்கார்ந்து, இந்த இடத்தில் தப்பு என்று காட்டினாலும் "டாக்ஸிக்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நானும் பார்க்கிறேன். பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் மூன்றாவது வரியை ஒருவர் காட்டினால், அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும், முதலில் வரியைப் பாருங்கள், குரலைப் பற்றி அப்புறம் பேசலாம். சொன்ன விதம் பிடிக்கவில்லை என்பதற்காகச் சொன்ன விஷயத்திலிருந்து தப்பித்துக்கொள்ளாதீர்கள். பாராட்டு மட்டுமே வேண்டும் என்றால் அதற்கு அம்மா இருக்கிறாள், அலுவலகம் எதற்கு?

ஆனால் சில பிள்ளைகள் அப்படி இருப்பதைக் காட்டி, ஒரு தலைமுறையையே ஒன்றுக்கும் உதவாதது என்று ஃபார்வர்டு போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாக் காலத்திலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். நம் காலத்தில் அவர்கள் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. தமிழ் படித்த வீடு நம்முடையது, எதற்கெடுத்தாலும் குறள் சொல்கிறோம். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இடித்துச் சொல்ல ஆள் இல்லாதவன், கெடுக்க யாரும் இல்லாவிட்டாலும் தானாகக் கெடுவான் என்கிறார் வள்ளுவர். அதை யாரைப் பார்த்துச் சொல்கிறார்? அரசனைப் பார்த்து. குறை கேட்டுத் திருந்த வேண்டிய முதல் ஆள் மேலே உட்கார்ந்திருப்பவர் என்பது 448ஆம் குறளிலேயே இருக்கிறது. நாம் அதைத் தலைகீழாக்கி, மேலே இருப்பவர் சொல்ல மட்டும் வேண்டும், கீழே இருப்பவர் கேட்க மட்டும் வேண்டும் என்று ஆக்கிவிட்டோம். அதனால்தான் எத்தனையோ அதிகாரிகள், 30 வருடத்தில் ஒருவர்கூட நேரில் சொல்லாத குறைகளோடு, பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தப் பதிவு முக்கியமாக யாருக்கு என்றால், 1990களில் என்னிடம் படித்த உங்களுக்கு. இன்று நீங்கள்தான் மேலாளர், தலைமையாசிரியை, கிளை மேலாளர், டீம் லீடர். உங்கள் கீழே பத்துப் பேர், இருபது பேர் இருக்கிறார்கள். உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "சரியில்லை" என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்த வரி, என்ன தவறு, சரியாக வந்தால் எப்படி இருக்கும் என்ற மூன்றும் இருக்கட்டும். அந்த மூன்றையும் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், அவர்களுடைய வேலையை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வருடக் கடைசி வரை சேர்த்து வைக்காதீர்கள். மார்ச் மாதம் பரீட்சை என்றால் ஜூன் மாதத் தவறை ஜூனிலேயே சொல்ல வேண்டும். மார்ச்சில் சொன்னால் அது பாடம் ஆகாது, தீர்ப்பாகத்தான் இருக்கும்.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் பிள்ளை ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "நான் கேட்டது தப்பா?" என்று கேட்டால், "வாயை மூடிக்கொண்டு இரு" என்று சொல்லாதீர்கள். "என்ன கேட்டாய், எப்படிக் கேட்டாய்?" என்று கேளுங்கள். கேட்ட விதம் தவறு என்றால் அதைத் திருத்துங்கள். கேட்டது நியாயம் என்றால் பக்கத்தில் நில்லுங்கள். தகுதிகாண் காலத்தில் தனியாக நிற்கிற பிள்ளைக்கு வீட்டிலிருந்து வருகிற அந்த ஒரு சொல் பெரிய பலம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கமெண்டில் எழுதுங்கள். அத்தான்மார்களும் எழுதலாம். "நீ சொல்வதெல்லாம் தப்பு" என்று மட்டும் எழுதாமல், எந்த வரி தப்பு என்று காட்டி எழுதுங்கள். நிச்சயம் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்